கோலி சோடா கண்டுபிடித்த ஹைராம் காட்

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி - எந்த ஊர்க் கடைத்தெரு ஆனாலும் சரி, ஒரு காலத்தில் கோடை வந்தால் அந்தச் சத்தம் கேட்கும். கடைக்காரர் கட்டை விரலால் ஓங்கி அழுத்துவார். கீச்சென்று காற்று பீறிடும். புட்டியின் கழுத்துக்குள் கோலிக்குண்டு உருளும்.

அந்தக் குண்டை அங்கே அடைத்து வைத்தவர் யார்?

அவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ஹைராம் காட். 1838-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். இஞ்சினீயர் தொழில் தெரிந்தவர். ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்கு, தக்கை விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார்.

தக்கைத் தொல்லை

அப்போதெல்லாம் சோடாப் புட்டிக்குத் தக்கைதான் மூடி. புட்டியை நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கிவிடும். இடுக்கு வழியாகக் காற்று போய்விடும். காற்றுப் போன சோடா வெறும் தண்ணீர்தானே!

இதற்காகவே சில புட்டிகளை, அடிப்பாகம் முட்டை போல இருக்கும்படி செய்தார்கள். அவை நிற்காது, படுத்தேதான் கிடக்கும். தக்கை நனைந்தபடி இருக்கும். ஆனால் நிற்காத புட்டியைக் கடையில் அடுக்கி வைப்பது எப்படி?

தக்கை விற்ற காட், தக்கையே வேண்டாத புட்டிக்கு வழி தேடினார். 1870-ம் ஆண்டு முதல் உரிமை பதிவு செய்தார். 1872-ல் அதைத் திருத்தி, இன்று நாம் அறிந்த உருவத்துக்குக் கொண்டு வந்தார்.

சூட்சுமம் இதுதான். புட்டியின் வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு. சோடாவை அடைத்துப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குண்டு வாய்க்கு வந்துவிடும். உள்ளே உள்ள காற்றே அதை வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேறு மூடி எதற்கு?

திறக்கும்போது குண்டு அடி வரை விழுந்துவிடாமல் இருக்கக் கழுத்தின் அடியில் ஒரு நெருக்கம். குடிக்கும்போது குண்டு மீண்டும் வாயை அடைக்காமல் இருக்க, பக்கத்தில் இரண்டு குழி. குண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கோலி சோடாவைச் சாய்த்துக் குடித்த சிறுவர் எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும்.

நல்ல வியாபாரி

காட் வியாபாரத்திலும் கெட்டிக்காரர். சில ஆண்டுகளில், புட்டி செய்யும் உரிமையைத் தொழிற்சாலைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார். ஆனால் குண்டும் வளையமும் அவரிடம்தான் வாங்க வேண்டும்! கத்தரிக்காயைச் சும்மா கொடுத்து, எண்ணெய்க்குக் காசு வாங்கிய கதைதான்.

பிறகு பார்ன்ஸ்லி நகரக் கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி பென் ரைலண்ட்ஸ் அவருக்குக் கூட்டாளி ஆனார். ரைலண்ட்ஸ் இறந்தபின், மகன் காலத்தில் காட் விலகிக்கொண்டார்.

1887-ல் காட் காலமானார். வயது 49-தான். லண்டனில் அடக்கம் செய்தார்கள்.

ஐந்து ஆண்டுகளில், 1892-ல், அமெரிக்காவில் தகர மூடி வந்தது. அது மலிவு. போகப் போக மேல்நாடுகளில் காட் புட்டி ஓய்ந்தது. ஜப்பானிலும் இந்தியாவிலும் ஓயவில்லை.

புட்டிக்கு வந்த வினை

காட் புட்டிக்குப் பெரிய பகைவர்கள் சிறுவர்கள்தான். கோலி விளையாடக் குண்டு வேண்டுமே! புட்டியை உடைத்துக் குண்டை எடுத்துக்கொண்டார்கள். புட்டிக்குச் சொந்தக்காரரான சோடா கம்பெனிக்காரருக்குத்தான் நஷ்டம். எதைக் கண்டு மக்கள் மயங்கினார்களோ, அதுவே புட்டிக்கு வினையாக வந்தது.

அதனால்தான் உடையாத பழைய புட்டிக்கு இன்று மதிப்பு. நெய்வேலியில் மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்கள். இங்கிலாந்திலோ நிலக்கரிச் சாம்பலைத் தோண்டிப் புட்டி எடுக்கிறார்கள்! நூறு ஆண்டுக்கு முன் வீட்டு அடுப்புச் சாம்பலையும் குப்பையையும் ஊருக்கு வெளியே கொட்டினார்கள். அந்தச் சாம்பலில் புதைந்த புட்டி அலுங்காமல் கிடக்கிறது. நீலம் போன்ற அபூர்வ நிறம் என்றால் விலை ஏகத்துக்கும் ஏறும்.

புட்டியின் மேல் கம்பெனியின் பெயரும் ஊரின் பெயரும் புடைத்த எழுத்தில் இருக்கும். கம்பெனி மறைந்திருக்கும், முதலாளியை ஊரே மறந்திருக்கும். அவர் பெயர் மட்டும் கண்ணாடியில் இருக்கும். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

நம் ஊரில் பழைய புட்டியைப் புதைத்து வைப்பது யார்? பழைய இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழக்காரரின் கூடைக்கல்லவா போட்டோம்!

குளிர்பானக் கம்பெனிகள் பெருகியதும் கோலி சோடா அருகிப்போனது. 2017-ம் ஆண்டு மார்ச் முதல் அன்னியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவு செய்தன. கோலி சோடா மீண்டும் கடைகளில் தலைகாட்டியது. கழுத்தில் அதே நெருக்கம், அதே இரண்டு குழி, அதே குண்டு.