ஹெர்பர்ட் சாப்மன்

ஹெர்பர்ட் சாப்மன் (ஜனவரி 19, 1878 – ஜனவரி 6, 1934) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்து வீரரும் மேலாளரும் ஆவார். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன், ஆர்சனல் ஆகிய இரு கழகங்களை இங்கிலாந்தின் முதன்மைக் கழகங்களாக உயர்த்தியவர். இங்கிலாந்தின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் நிலைகொண்டிருந்த காற்பந்து ஆதிக்கம் 1930களில் லண்டனுக்கு நகர்ந்ததற்கு இவரே முதன்மைக் காரணராகக் கருதப்படுகிறார். இவருடைய வெற்றிகள் பணத்தால் வாங்கப்பட்டவையா, திறமையால் கட்டப்பட்டவையா என்பது அக்கால ரசிகர்களிடையே பெரும் விவாதமாக இருந்தது.

இளமையும் ஆட்ட வாழ்வும்

சாப்மன் யார்க்சயரில் கிவெட்டன் பார்க் என்னும் சுரங்க ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் பயின்றார். இவருடைய தம்பி ஹாரி சாப்மன் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகத்துடன் இருமுறை லீக் பட்டம் வென்ற வீரராவார். ஹெர்பர்ட் அந்த அளவுக்குப் புகழ் பெறவில்லை. கிரிம்ஸ்பி டவுன், ஷெஃபீல்டு யுனைட்டெட், நாட்ஸ் கவுன்ட்டி, டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் எனப் பல கழகங்களில் ஆடினார். 1907 இல் நார்தாம்ப்டன் டவுன் கழகத்தின் ஆட்ட வீரராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்றார். அக்கழகம் 1908–09 பருவத்தில் சதர்ன் லீக் பட்டத்தை வென்றது.

லீட்ஸ் சிட்டியும் தடையும்

1912 இல் சாப்மன் இரண்டாம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்த லீட்ஸ் சிட்டி கழகத்தின் மேலாளரானார். 1913–14 பருவத்தில் அக்கழகம் நான்காம் இடத்தை அடைந்தது. முதல் உலகப் போர் மூண்டபின் அவர் பார்ன்போவில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிர்வாகப் பணிக்குச் சென்றார்.

போர்க்காலத்தில் விருந்தினராக ஆடிய வீரர்களுக்கு விதிகளுக்கு மாறாகப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி மீது குற்றம் சாட்டப்பட்டது. கழகம் தன் கணக்கேடுகளைக் காட்ட மறுத்தது. இதனால் 1919 அக்டோபரில் அது லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வீரர்கள் லீட்ஸ் நகர விடுதி ஒன்றில் பிற கழகங்களுக்கு ஏலம் விடப்பட்டனர். சாப்மனுக்கும் காற்பந்தில் ஈடுபடத் தடை விதிக்கப்பட்டது. அக்காலத்தில் தாம் தொழிற்சாலைப் பணியில் இருந்ததை எடுத்துக்காட்டி அவர் முறையிட்டதன் பேரில் தடை பின்னர் நீக்கப்பட்டது.

ஹடர்ஸ்ஃபீல்டு டவுன்

லீட்ஸ் சிட்டியின் வீழ்ச்சி அருகிலிருந்த ஹடர்ஸ்ஃபீல்டையும் பாதித்தது. 1919 இல் கடனில் இருந்த ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கழகத்தை லீட்ஸ் நகருக்கே மாற்றிவிட அதன் தலைவர் முயன்றார். நகர மக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். நிதி திரட்டியும் பங்குகளை வாங்கியும் கழகத்தைத் தங்கள் ஊரிலேயே நிலைநிறுத்தினர். அடுத்த ஆண்டே அக்கழகம் முதல் பிரிவுக்கு உயர்ந்தது.

1921 இல் சாப்மன் இக்கழகத்தின் மேலாளரானார். ஆஸ்டன் வில்லாவிலிருந்து வந்த கிளெம் ஸ்டீபன்சனை மையமாகக் கொண்டு அணியை அமைத்தார். 1922 இல் பிரஸ்டன் நார்த் எண்டை 1–0 என வென்று எஃப்.ஏ. கோப்பை கைப்பற்றப்பட்டது. 1923–24 பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃப் சிட்டியும் தலா 57 புள்ளிகள் பெற்றன. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கும் அக்கால முறைப்படி, மிகச் சிறிய வேறுபாட்டில் ஹடர்ஸ்ஃபீல்டு பட்டம் பெற்றது. 1924–25 இல் மீண்டும் வென்றது. சாப்மன் விலகியபின் 1925–26 இலும் வென்று, மூன்று முறை தொடர்ச்சியாக லீக் பட்டம் பெற்ற முதல் கழகம் என்ற சிறப்பைப் பெற்றது.

ஆர்சனல்

1925 இல் ஆர்சனல் கழகம் மேலாளர் தேவை என விளம்பரம் செய்தது. வீரர்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்க எண்ணுவோர் விண்ணப்பிக்க வேண்டாம் என்பது அதில் கண்ட நிபந்தனையாகும். முந்தைய பருவத்தில் 20 ஆம் இடத்தில் முடித்திருந்த ஆர்சனல் அதுவரை பெரிய பட்டம் எதையும் வென்றதில்லை. எனினும் ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஊதியத்தில் சாப்மன் அப்பொறுப்பை ஏற்றார்.

அதே ஆண்டில் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது. பந்து முன்னோக்கித் தரப்படும்போது தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்ற நிலை மாறி, இருவர் போதும் என்றானது. முதல் பிரிவில் அடிக்கப்பட்ட கோல்கள் ஒரே பருவத்தில் 1,192 இலிருந்து 1,703 ஆக உயர்ந்தன. அக்டோபர் 3, 1925 அன்று ஆர்சனல் நியூகாசில் யுனைட்டெடிடம் 7–0 எனத் தோற்றது. அதன்பின் சார்லி பக்கனின் யோசனையை ஏற்று, மைய நடுக்கள வீரரைத் தடுப்பாட்டத்திற்குப் பின்னிழுத்தார் சாப்மன். இதுவே வளர்ந்து டபிள்யூ-எம் எனப்படும் ஆட்ட அமைப்பாயிற்று. பல நாடுகள் இதைப் பின்பற்றின.

வீரர் பரிமாற்றங்கள்

அக்கால இங்கிலாந்தில் வீரரின் பதிவு கழகத்தின் உடைமையாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விடுவிக்காமல் வேறிடம் செல்ல இயலாது. பருவக் காலத்தில் வாரத்திற்கு 8 பவுண்டு என்பது ஊதிய உச்சவரம்பாகும். எனவே ஒரு வீரருக்குப் பல்லாயிரம் பவுண்டு விலை தரப்பட்டாலும் அத்தொகை கழகத்துக்கே சேர்ந்தது.

இந்தச் சூழலில் சாப்மன் செய்த பரிமாற்றங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அவற்றுள் சில:

1925, சார்லி பக்கன்: சண்டர்லாந்து கழகத்துக்கு 2,000 பவுண்டும், முதல் பருவத்தில் அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டும் தருவதாக உடன்பாடு. அவர் 21 கோல்கள் அடித்ததால் மொத்தம் 4,100 பவுண்டு ஆயிற்று.

1928, டேவிட் ஜாக்: போல்டன் வாண்டரர்ஸ் கழகத்திலிருந்து பெறப்பட்டார். 10,000 பவுண்டைத் தாண்டிய முதல் பரிமாற்றம் இதுவே. அதற்கு முந்தைய உச்சம் 6,500 பவுண்டாகும். பேச்சுவார்த்தையின்போது போல்டன் தரப்பினருக்கு மதுவும் தமக்கு மது கலவாத பானமும் தருமாறு சாப்மன் பணியாளரிடம் முன்பே சொல்லிவைத்ததாக உடனிருந்த பாப் வால் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார்.

1929, அலெக்ஸ் ஜேம்ஸ்: பிரஸ்டனிலிருந்து 8,750 பவுண்டுக்கு வந்தார். ஊதிய உச்சவரம்பை மீறாமலிருக்க, செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடியில் விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டும் பணி அவருக்குக் கிடைத்தது. லீக் நிர்வாகம் இப்பரிமாற்றத்தை விசாரித்தபின் அனுமதித்தது.

இத்தகைய செலவுகளால் ஆர்சனலை இங்கிலாந்து வங்கி எனப் பிற கழக ரசிகர்கள் ஏளனம் செய்தனர். ஆனால் அணியின் முக்கிய வீரர்கள் பலர் குறைந்த விலைக்கு வந்தவர்களே. தடுப்பாட்டத்தின் தூணாக விளங்கிய ஹெர்பி ராபர்ட்ஸ் ஆஸ்வெஸ்ட்ரி டவுனிலிருந்து 200 பவுண்டுக்குப் பெறப்பட்டார். பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான எட்டி ஹாப்குட், லீக்கில் இல்லாத கெட்டரிங் டவுனிலிருந்து 1,000 பவுண்டுக்கும் குறைவாக வந்தவர். கிளிஃப் பாஸ்டின் 17 வயதில் எக்ஸெட்டர் சிட்டியிலிருந்து 2,000 பவுண்டுக்கு வந்தார்.

ஆதிக்க மாற்றம்

ஏப்ரல் 26, 1930 அன்று வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சாப்மனின் பழைய கழகமும் புதிய கழகமும் மோதின. இரு அணிகளையும் உருவாக்கிய அவருக்குச் சிறப்புச் செய்யும் வகையில் இரு அணியினரும் இணையாக அணிவகுத்துக் களமிறங்கினர். இம்முறை பின்னர் இறுதியாட்ட மரபாயிற்று. ஜேம்ஸ், லாம்பர்ட் ஆகியோரின் கோல்களால் ஆர்சனல் 2–0 என வென்று தன் முதல் பெரும் பட்டத்தைப் பெற்றது.

1930–31 இல் ஆர்சனல் 66 புள்ளிகளும் 127 கோல்களும் பெற்று லீக் பட்டம் வென்றது. 1888 இல் தொடங்கிய லீக்கில் தென் இங்கிலாந்துக் கழகம் ஒன்று வாகை சூடியது அதுவே முதன்முறை. 1932–33 இல் மீண்டும் பட்டம் பெற்றது. எனினும் அப்பருவத்தின் எஃப்.ஏ. கோப்பையில், மூன்றாம் பிரிவைச் சேர்ந்த வால்சால் கழகத்திடம் 2–0 எனத் தோற்றது. பெரும் செலவில் அமைந்த அணியைச் சிறு கழகம் வீழ்த்தியது பிற கழக ரசிகர்களுக்குக் கொண்டாட்டமாயிற்று. அவ்வாட்டத்தில் தவறிழைத்த டாமி பிளாக் என்ற இளம் வீரரைச் சாப்மன் சில நாட்களிலேயே வேறு கழகத்துக்கு அனுப்பிவிட்டார். வீரர்களின் நலனில் அக்கறை கொண்டவர் எனப் பெயர்பெற்ற அவருடைய கடுமையான மறுபக்கத்தை இந்நிகழ்வு காட்டுகிறது.

பிற பணிகள்

சட்டைகளில் எண்கள், மின்னொளி ஆட்டங்கள், வெள்ளைப் பந்து ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். லீக் ஆட்டங்களில் எண்கள் 1939 இல் கட்டாயமாயின. மின்னொளி 1956 இல் அனுமதிக்கப்பட்டது. ஆர்சனல் மைதானத்தை அடுத்த கில்லெஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையம் 1932 இல் ஆர்சனல் எனப் பெயர் மாற்றப்பட்டது இவருடைய முயற்சியாலேயாகும். ஆர்சனலின் சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கைகள் 1933 இல் வந்தன.

மறைவு

1934 ஆண்டின் தொடக்கத்தில் சளியால் பாதிக்கப்பட்டிருந்தும், எதிரணிகளையும் தம் கழகத்தின் மூன்றாம் அணியையும் பார்வையிட அவர் குளிரில் பயணம் செய்தார். நிமோனியா காய்ச்சல் கண்டு ஜனவரி 6 அன்று காலமானார். ஹெண்டன் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், அப்பருவத்தில் பட்டம் வென்றது. 3 புள்ளிகள் பின்தங்கி இரண்டாமிடம் பெற்றது ஹடர்ஸ்ஃபீல்டு டவுன். 1934–35 இலும் ஆர்சனல் வென்றதால், சாப்மன் உருவாக்கிய இரண்டாவது கழகமும் தொடர்ந்து மூன்று பட்டங்கள் பெற்றது. இரு கழகங்களும் மூன்றாவது பட்டத்தை வென்றபோது அவர் அவற்றின் மேலாளராக இல்லை.

ஊதிய உச்சவரம்பு 1961 இல் நீக்கப்பட்டது. வீரரைக் கழகம் விடுவிக்காமல் வைத்திருக்கும் முறை 1963 இல் நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு 1926 க்குப் பின் லீக் பட்டம் வென்றதில்லை. 1975 இல் நான்காம் பிரிவு வரை இறங்கியது. 2017 முதல் 2019 வரை முதன்மைப் பிரிவில் மீண்டும் ஆடியது. சாப்மனின் சிலை 2011 இல் ஆர்சனலின் எமிரேட்ஸ் விளையாட்டரங்கின் வெளியே நிறுவப்பட்டது.