டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

எமது துறைமுக நகரிலே இராமகிருஷ்ண மிஷனின் கல்வித்தொண்டை அறியாதார் இலர். அம்மிஷனிலே துறவியாகச் சேர விழைந்து, தாயார் இசையாமையால் மருத்துவம் பயிலச் சென்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே கூறுகின்றோம்.

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திலே பிறந்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையே தேறினார். (மாணவர் இதனை ஆறுதலாகக் கொள்க, முன்மாதிரியாகக் கொள்ளற்க.) மருத்துவக் கல்லூரியிலே கதராடை அணிந்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எல்.எம்.எஸ். சான்றிதழோடு மட்டும் வெளியேறினார்.

அவருடைய தமையனும் தம்பியும் ஸ்புரூ என்னும் நோயால் எட்டு நாள் இடைவெளியில் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது குருதி குன்றச் செய்வது அந்நோய். அவரையும் அது பற்றியது. ஆயுள்வேத மருந்தினால் உயிர் தப்பினார்.

பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையொன்றில் இரவு ஏவலாளராக உழைத்துக் கற்று, 1930 இல் ஹாவார்டிலே கலாநிதியானார். உடலின் ஆற்றற் சேமிப்பான அடினோசின் முப்பொசுபேற்றை ஜெர்மனியில் லோமன் கண்டறிந்த காலத்திலேயே இவரும் பிஸ்கேயும் தனியே கண்டனர்.

1940 இல் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே அவர் நெறிப்படுத்திய குழுவினர் 1945 இல் போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரரைக் கொன்ற ஸ்புரூவுக்கு அதுவே மருந்தாயிற்று!

இவ்வுயிர்ச்சத்தின்றி உயிரணு தன் மரபுப் பொருளைப் படியெடுக்கவியலாது. ஆகவே பிளந்து பெருகாது. அதனைப் போன்று நடித்து அதன் தொழிலைத் தடுக்கும் அமினோப்தெரினையும் அக்குழுவே ஆக்கிற்று. பாபர் என்னும் மருத்துவர் அதனைக் கொடுத்தபோது, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலர் தற்காலிகமாகவேனும் தேறியதை 1948 இல் அறிவித்தார்.

இன்று ஆய்வுகூடங்களிலே மனித, விலங்கு உயிரணுக்களை வளர்க்கும் உணவு, பால்மாவைப் போலத் தூளாக விற்கப்படுகிறது. தூய நீரிற் கரைத்து, சோடியம் இருகாபனேற்றுச் சேர்த்து, நுண்வடியினால் வடிப்பர். காய்ச்சினாற் சில சத்துகள் கெடும். 1959 இல் ஹரி ஈகிள் வகுத்த உணவிலே அமினோ அமிலங்கள் 13, உயிர்ச்சத்துகள் 8. அவற்றுட் போலிக்கமிலம் லீற்றருக்கு 1 மில்லிகிராம்.

சுப்பாராவ் அதனைக் காணவில்லை. 1948 ஆகஸ்ற்றிலே, 53 ஆம் வயதில், நியூயோர்க்கில் உறக்கத்திலே உயிர்நீத்தார்.