ஓமந்தூரார்

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் உழவர் குடியில் தோன்றியவர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அக்காலத்தில் அப்பதவியைப் பிரதமர் என்பர். 1949 ஏப்ரலில் பதவி நீங்கினார். இவ்வீராண்டு ஆட்சியை அரசியல் நூலறிவு ஒன்றினால் மட்டும் அளந்துவிட இயலாதென்றே நாம் கருதுகின்றோம். கட்சியின் உட்பூசல் அவர் பதவி இழந்ததை விளக்கும். அவர் இயற்றிய சட்டங்களை விளக்காது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை அறிய நிலவரி வரலாறு வேண்டும். 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் உணரச் சமூகவியல் வேண்டும்; சாதி வேற்றுமையை மறுத்த வள்ளலாரின் நெறியும் தெரிதல் வேண்டும். ரெட்டியார் அந்நெறியில் தோய்ந்தவர். (வரலாற்றுத் துறையினரும் பொருளியல் துறையினரும் ஓரறையில் அமர்ந்து ஒரு சட்டத்தை ஆராய்வது நம் கல்லூரிகளில் அரிது!) பதவி நீங்கியபின் வடலூரில் அறப்பணியும் கல்விப்பணியும் ஆற்றி, 1970-இல் மறைந்தார்.