இரட்டைமலை சீனிவாசன்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில், ஆற்றுக்கும் பள்ளிக்கும் செல்லும் தெருக்கள் இன்று சட்டப்படி எல்லார்க்கும் பொது. நூறாண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாடெங்கும் நிலைமை வேறாக இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், பல தெருக்களில் நடக்கவும் தடுக்கப்பட்டனர். அத்தடையை அகற்றப் பாடுபட்ட பெரியோருள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், தம் குலம் தெரிந்தால் உடன் பயில்வோர் இழிவாக நடத்துவரோ என்று அவர் அஞ்சினார். ஆதலின் எவருடனும் நெருங்கிப் பழகாமல் தனித்தே இருந்தார். வகுப்புத் தொடங்கும் வரை வெளியே காத்திருப்பார். முடிந்ததும் விரைந்து வீடு திரும்புவார்.

அவ்வாறு அஞ்சிய மாணவரே, 1893 ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். பிறர் பழித்துரைத்த தம் குலப்பெயரையே அதற்குச் சூட்டி, ‘பறையன்’ என வெளியிட்டார். ஒளித்து வைத்த பெயரை ஊரறிய அச்சிட்டமை அவர்தம் நெஞ்சுரத்தைக் காட்டுகிறது. இழிவு பெயரில் இல்லை; இழிவாக எண்ணுவோர் மனத்திலேயே உள்ளது என்பதை அச்செயல் உணர்த்தியது. ஏழாண்டுகள் இதழை நடத்திய பின், 1900 ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, காந்தியடிகளோடும் பழகினார்.

தாயகம் திரும்பிய அவர், 1923 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவரையும் தடுத்தலாகாது என்னும் தீர்மானத்தை 1924 ஆம் ஆண்டில் கொணர்ந்தார். மன்றம் அதனை ஏற்றது. அரசும் ஆணை பிறப்பித்தது. அவ்வாணை தாமிரபரணிக் கரை ஊர்கள் உள்ளிட்ட மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று.

பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் கலந்துகொண்டு, தம் மக்களின் அரசியல் உரிமைக்காக வாதாடினார். 1932 ஆம் ஆண்டின் பூனா உடன்படிக்கையிலும் கையொப்பமிட்டார். 1945 ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், 1870 ஆம் ஆண்டில் ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினத்தவர் நாட்டின் மேலவையில் முதன்முதலாக இடம்பெற்றார். ஆயினும் கறுப்பின மக்கள் அக்காலத்தில் பெற்ற வாக்குரிமை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் தென்மாநிலங்களில் பெரிதும் பறிபோயிற்று. ஏட்டில் எழுதிய உரிமை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. தெருவைத் திறந்துவிட ஆணையால் இயலும். உள்ளத்தைத் திறப்பது நம் கடமையன்றோ? எந்த மாணவரும் தம் பிறப்பை எண்ணி வகுப்பறை வாயிலில் அஞ்சி நில்லாத நாளே, சீனிவாசனாரின் உழைப்பு முழுப்பயன் எய்தும் நாளாகும்.