விமலசுரேந்திரவும் மாத்தளையின் மின்சாரமும்

இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திர 1874இல் காலியில் பிறந்தவர். பொறியியலாளராக அரச சேவையில் புகுந்த அவர், மலையக நீர்வீழ்ச்சிகளில் நாட்டின் எதிர்காலத்தைக் கண்டார். 1912இல் பிளாக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை நிறுவி நுவரெலியாவுக்கு ஒளியூட்டினார். 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வுரையே பின்னைய திட்டங்களுக்கெல்லாம் வித்து.

ஆனால் 1924இல் ஆரம்பமான லக்ஷபான வேலை 1927இல் கைவிடப்பட்டது. அவரோ ஓயவில்லை. 1931இல் இரத்தினபுரிப் பிரதிநிதியாக அரசாங்க சபையினுள் நுழைந்து அங்கும் அதற்காகவே வாதாடினார். லக்ஷபான இயங்கத் தொடங்கியது 1950இல்; அவர் மறைந்தது 1953இல். ஒரு மனிதரின் கனவுக்கு ஒரு நாடு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது நமக்குப் பெருமையன்று.

லக்ஷபான மின்சாரம் மலையிறங்கிக் கொழும்பை அடைந்தது. அருகிலிருந்த தோட்ட லயன்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மாத்தளையில் 1981இல் போவதென்ன 40 மெகாவாட்டுடனும், 2018இல் மொரகஹகந்த 25 மெகாவாட்டுடனும் அவரது வழியில் இணைந்தன. மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக லக்கல மக்கள் வயலையும் வீட்டையும் விட்டகன்றனர். அம்மக்களின் பிள்ளைகளுக்கும், தேயிலையும் இறப்பரும் கைவிட்ட தோட்ட இளைஞருக்கும் மின்னிலையங்களிலும் இனி எழும் சூரியமின் களங்களிலும் காவலாளி வேலை மட்டும் போதாது. தொழில்நுட்பப் பயிற்சியையும் நிரந்தர நியமனத்தையும் இம்மாவட்டத்திலேயே வழங்குமாறு அரசை நாம் கேட்கிறோம்.