ஐம்பது நாள் தண்டனை: கஅப் பின் மாலிக் (ரலி) வாழ்வு தரும் நம்பிக்கை



பெருமாநல்லூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சகோதரர்கள், ஆர்டர் இல்லாத வாரங்களில் நம்மிடம் கேட்பதுண்டு: தொழுகையில் அலட்சியமாக இருந்ததற்குத்தான் இந்த நெருக்கடியோ, அல்லாஹ் தங்களைக் கைவிட்டுவிட்டானோ என்று. எல்லாக் கஷ்டமும் தண்டனை அல்ல. தண்டனையாகவே இருந்தாலும் அது கைவிடுதல் அல்ல. இதற்குச் சான்று கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வாழ்க்கை.

மதீனாவின் கஸ்ரஜ் குலத்தைச் சேர்ந்த கவிஞர் அவர்கள். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களின் கரம் பற்றியவர்கள். உஹதில் காயம்பட்டவர்கள்.

ஹிஜ்ரி 9 (கி.பி. 630), தபூக் பயணம். கடும் வெயில்; நெடுந்தூரம்; மதீனாவில் பேரீச்சம்பழம் கனிந்திருந்த நேரம். கஅப் (ரலி) அவர்களிடம் அப்போது வசதி இருந்தது. இரண்டு ஒட்டகங்களும் இருந்தன. தினமும் காலையில் தயாராகப் புறப்படுவார்கள். ஒன்றும் செய்யாமல் திரும்புவார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். படை போய்விட்டது. ஊரில் நடந்தால் கண்ணில் பட்டவர்கள் நயவஞ்சகர்களும் இயலாதவர்களும்தான்.

நபி (ஸல்) அவர்கள் திரும்பியதும் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சாக்குச் சொன்னார்கள், சத்தியமும் செய்தார்கள். அவர்களின் வெளிப்பேச்சு ஏற்கப்பட்டது. உள்ளம் அல்லாஹ்விடம் விடப்பட்டது. பேச்சுத் திறன் மிக்க கஅப் (ரலி) அவர்களோ தம்மிடம் காரணம் எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். முராரா பின் ரபீஉ (ரலி), ஹிலால் பின் உமைய்யா (ரலி) ஆகிய இருவரும் அப்படியே சொன்னார்கள். இம்மூவருடனும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பொய் சொன்னவர்கள் வீட்டுக்குப் போனார்கள். உண்மை சொன்னவர்களுக்குத் தண்டனை. நம் தொழிலில் பார்க்கிறோமே, தையல் பிசகிய நல்ல பீஸ் செக்கிங்கிலிருந்து டைலரிடமே திரும்பி வரும். பிரித்து மறுபடி தைப்பார்கள். தேறாததை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, ஒதுக்கிவிடுவார்கள்.

கஅப் (ரலி) அவர்கள் கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்கும் போவதை நிறுத்தவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு நபி (ஸல்) அவர்களின் உதடு அசைகிறதா என்று பார்ப்பார்கள். தாம் தொழும்போது நபியவர்களின் பார்வை தம் பக்கம் இருப்பதையும், தாம் திரும்பினால் அது விலகுவதையும் கண்டார்கள். பேச்சு நின்றிருந்தது, அன்பு நிற்கவில்லை. சிற்றப்பா மகன் அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவர் ஏறிப் போய் ஸலாம் சொன்னார்கள், பதில் இல்லை. கண்ணீருடன் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் கஸ்ஸான் மன்னனின் கடிதம் வந்தது. தன்னிடம் வந்தால் ஆதரிப்பதாக எழுதியிருந்தான். இதுவும் ஒரு சோதனையே என்று அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள். நாற்பதாம் நாள், மனைவியை விட்டு விலகியிருக்கவும் உத்தரவு வந்தது. அதற்கும் கட்டுப்பட்டார்கள்.

ஐம்பதாம் நாள் காலை. வீட்டு மாடியில் பஜ்ரு தொழுதுவிட்டு அமர்ந்திருந்தபோது, ஸல்உ மலை மீதிருந்து நற்செய்திக் குரல் கேட்டது. சுஜூதில் விழுந்தார்கள். நற்செய்தி கூறியவருக்குத் தம் இரு ஆடைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் உடுத்திப் பள்ளிக்குப் போனார்கள். தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து ஓடி வந்து கைகொடுத்தார்கள். அதைக் கஅப் (ரலி) கடைசிவரை மறக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியில் ஒளிர்ந்தது. அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் அந்த மூவரைப் பற்றியதே.

முதுமையில் கஅப் (ரலி) அவர்கள் பார்வை இழந்தார்கள். தம்மைக் கைபிடித்து நடத்திய மகன் அப்துல்லாஹ்விடம் தம் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள். அதுவே புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகி நம்மை வந்தடைந்துள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த விலக்கு நபியின் உத்தரவால் வந்தது, வஹீயால் முடிந்தது. அதைக் காட்டி அண்ணன் தம்பி வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதும், ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்குவதும் மார்க்கமாகாது. மனத்தாங்கலால் மூன்று நாளுக்கு மேல் சகோதரனிடம் பேசாதிருப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கண்டித்தால், அவன் திரும்பி வரும்போது ஓடிப்போய்க் கைகொடுக்கும் தல்ஹாவாகவும் நாம் இருக்க வேண்டும்.

தவறு செய்தால் சாக்குத் தேடாமல் அவனிடமே திரும்பும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.