கணக்குப் புத்தகத்தில் இருந்த பிறந்த மாதம்

போன தவணை பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்தேன். உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை வகுப்பில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எடுத்தேன். முதல் வாரம் படிக்கச் சொன்ன நூல், 1845-இல் வெளிவந்த ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு. சிறிய புத்தகம், இரண்டே இரவில் முடித்துவிட்டேன். எந்த ஊரில் பிறந்தார் என்பதைச் சொல்லும் அவர், எப்போது பிறந்தார் என்பது தமக்குத் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் தங்கள் வயது தெரிந்திருக்க, தமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்ற எண்ணம் சிறுவயதிலேயே அவரை வாட்டியிருக்கிறது. அடிமைத்தனம் என்றால் சங்கிலியும் சவுக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறந்தநாளும் அதில் அடக்கம் என்று யோசித்ததில்லை.

தோட்டம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பால்மரமும் லயன் வீடும் நினைவுக்கு வரும். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். டக்ளஸ் வளர்ந்த தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. அவர்களே உரிமையாளரின் சொத்து. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி.

அவர் பிறந்தது மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில், டக்கஹோ ஓடைப் பக்கம். தாய் ஹாரியட் பெய்லி. தகப்பன் ஒரு வெள்ளைக்காரர். எஜமானரே தகப்பன் என்று ஊரில் பேச்சு இருந்தது. தாயை வேறு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டதால் பாட்டி பெட்ஸிதான் பையனை வளர்த்தார். பாட்டியும் அடிமைதான். ஆனால் வலை பின்னுவதிலும் மீன் பிடிப்பதிலும் கெட்டிக்காரர் என்று அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் இருந்தது. 1824-இல் ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு 12 மைல் நடந்து ஒரு பெரிய தோட்டத்துக்குப் போனார். அங்கே இருந்த பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் உன் அண்ணன், அக்காள், போய் விளையாடு என்றார். பையன் திரும்பிப் பார்த்தபோது பாட்டி போய்விட்டிருந்தார்.

அந்தத் தோட்டத்தின் பெயர் வை ஹவுஸ். 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே லாயிட் குடும்பத்துக்குச் சொந்தமானது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் எட்வர்ட் லாயிட் என்றே பெயர் வைத்து வந்தார்கள். டக்ளஸ் போய்ச் சேர்ந்தபோது இருந்தவர் ஐந்தாம் எட்வர்ட் லாயிட். மேரிலாந்தின் ஆளுநராக இருந்து, பிறகு அமெரிக்க செனட்டரானவர். கோதுமை, சோளம், புகையிலை என்று பல பண்ணைகள். பெரிய வீடு இருந்த தோட்டத்தில் மட்டுமே 300, 400 அடிமைகள் இருந்ததாக டக்ளஸ் எழுதுகிறார். சிறுவன் ஃபிரெடரிக்கின் எஜமானர் லாயிட் அல்ல. லாயிட்டின் தலைமை மேற்பார்வையாளரான ஏரன் ஆண்டனி. அவருக்கும் சொந்தமாகச் சில பண்ணைகளும் அடிமைகளும் உண்டு. இந்த ஆண்டனியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாயிட்டின் பழத்தோட்டம் ஊரறிந்தது; வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்களாம். பசித்த பிள்ளைகள் பழம் பறிக்காமல் தடுப்பதற்கு அவர் செய்த ஏற்பாடு, வேலி முழுக்கத் தார் பூசியது. எந்த அடிமையின் மேல் தார்க் கறை தெரிந்தாலும் அவர் உள்ளே போனவர் அல்லது போக முயன்றவர் என்று சவுக்கடி. இன்னொரு சம்பவம். அடிமைகள் அத்தனை பேர் இருந்ததால் பலருக்கு எஜமானரையே தெரியாது, அவருக்கும் அவர்களைத் தெரியாது. ஒரு நாள் வழியில் கண்ட ஒருவரிடம், உன் எஜமானர் உன்னை நன்றாக நடத்துகிறாரா என்று லாயிட் கேட்டார். கேட்பவர் யார் என்று தெரியாமல் அந்த மனிதர் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று வாரத்தில் அவரை ஜார்ஜியா வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். குடும்பத்திடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அதன் பிறகு யார் எதைக் கேட்டாலும், எஜமானர் நல்லவர் என்றே எல்லாரும் சொன்னார்கள். தென் மாநிலத்து அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று அந்தக் காலத்துப் பயணிகள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டை, அவ்வளவுதான். காற்சட்டை, காலணி, போர்வை எதுவும் இல்லை. குளிர்காலத்தில் ஃபிரெடரிக் ஒரு சோளச் சாக்குக்குள் தலையை நுழைத்துப் படுப்பான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சோளக் கூழை மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். சிப்பி ஓட்டால் அள்ளிக் குடிக்க வேண்டும், வேகமாகக் குடித்தவனுக்கே வயிறு நிறையும். லாயிட்டின் இளைய மகன் டேனியல் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டான். தன் பலகாரத்தைப் பங்கு கொடுத்தான், பெரிய பையன்கள் அடிக்க வந்தால் தடுத்தான்.

அடுக்களைப் பொறுப்பு கேட்டி என்ற சமையல்காரப் பெண்ணிடம். ஒரு நாள் ஏதோ கோபத்தில் அவர் ஃபிரெடரிக்குச் சாப்பாடே போடவில்லை. அன்று இரவு அவன் தாய் வந்து சேர்ந்தார். பகல் முழுக்க வயலில் வேலை செய்துவிட்டு 12 மைல் நடந்து வந்தவர், கேட்டியைத் திட்டித் தீர்த்துவிட்டு மகனுக்கு ஒரு இஞ்சிக் கேக்கைக் கொடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையன் தூங்கி எழுந்தபோது அவர் இல்லை. விடியும் முன் வயலுக்குத் திரும்பாவிட்டால் அடி. தாயைப் பார்த்தது மொத்தமே நான்கைந்து முறை, அதுவும் இரவில். சீக்கிரமே அவர் இறந்தும் போனார். மகனை அடக்கத்துக்கு அனுப்பவில்லை.

1826-இல் ஃபிரெடரிக்கை பால்டிமோருக்கு, எஜமானரின் உறவினரான ஹியூ ஆல்ட் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மா சோஃபியா எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்; படித்தால் அடிமை அடங்கமாட்டான் என்று கணவர் நிறுத்திவிட்டார். அப்படியானால் படிப்பில் ஏதோ இருக்கிறது என்று பையன் புரிந்துகொண்டான். ரொட்டித் துண்டைக் கொடுத்துத் தெருப் பையன்களிடம் வாசிக்கக் கற்றான். அதே ஆண்டு ஆண்டனி இறந்தார். மறு ஆண்டு சொத்தைப் பிரிக்க ஃபிரெடரிக்கை ஊருக்கு வரவழைத்தார்கள். குதிரை, ஆடு, பன்றிகளோடு மனிதர்களையும் சேர்த்து நிறுத்தி விலை மதிப்பிட்டார்கள். அவன் ஆண்டனியின் மருமகன் தாமஸ் ஆல்ட் பங்குக்கு வந்து, மீண்டும் பால்டிமோர் போனான்.

பிறகு நடந்தவை பலருக்குத் தெரிந்த கதை. அடிமைகளை அடித்துப் பழக்கும் கோவி என்பவரிடம் 1834-இல் ஓராண்டு விடப்பட்டார். ஒரு நாள் திருப்பிச் சண்டை போட்டார், அதன் பிறகு கோவி அவரைத் தொடவில்லை. 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலுமி உடையில், இன்னொருவரின் சான்றிதழோடு ரயில் ஏறித் தப்பினார். செலவுக்கு உதவிய ஆனா மர்ரேயை நியூயார்க்கில் மணந்தார். பெய்லி என்ற பெயரை விட்டு டக்ளஸ் ஆனார்.

அவர் மேடையில் பேசுவதைக் கேட்டவர்கள், இப்படிப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினார். லாயிட், ஆண்டனி, ஆல்ட், கோவி என்று எல்லாருடைய பெயரையும் ஊரையும் போட்டார். தாம் இருக்கும் இடத்தையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிட்டது. பிடித்துக்கொண்டு போக வழியிருந்ததால் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனார். 1846-இல் அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி அவரைச் சட்டப்படி விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். பிறகு சொந்தப் பத்திரிகை, உள்நாட்டுப் போரில் படையில் சேர்ந்த மகன்கள், லிங்கனோடு சந்திப்பு, அரசுப் பதவிகள். இவை பாடநூலிலேயே கிடைக்கும்.

எனக்குப் பிடிபடாதது, அவர் ஏன் திரும்பிப் போனார் என்பதுதான். 1877-இல் சாகக் கிடந்த தாமஸ் ஆல்டைப் போய்ப் பார்த்தார். பாட்டியை முதுமையில் கைவிட்டதாக ஆல்ட் மீது முன்பு எழுதிய குற்றச்சாட்டு தவறு என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு தம் வயதைக் கேட்டார். நாள் தெரியாது, 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்ட். முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காலத்துக் கறுப்பினத்தவர் சிலருக்கும் வந்திருக்கிறது. ஆனால் கேட்க வேறு யார் மிச்சமிருந்தார்கள்? அடுத்த ஆண்டு பாட்டியின் குடிசை இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டு வந்தார். 1881 ஜூனில் அரசுக் கப்பலில் வை ஹவுஸுக்கே போனார். லாயிட் குடும்பத்து இளைஞர் ஒருவர் வரவேற்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். தாயைக் கடைசியாகப் பார்த்த அடுக்களை இன்னும் இருந்தது.

தம் நூலில் 1817 என்றே பிறந்த ஆண்டைக் கணித்து எழுதினார். தாய் தம்மை அன்பாக 'வேலன்டைன்' என்று அழைத்த ஞாபகத்தில் பிப்ரவரி 14-ஐப் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். 1895 பிப்ரவரி 20-ஆம் தேதி வாஷிங்டனில் இறந்தார்.

ஏரன் ஆண்டனி தம் கணக்குப் புத்தகத்தில் அடிமைப் பிள்ளைகளின் பிறப்பைக் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பிறப்பும் அவருக்குச் சொத்து வரவு. டிக்சன் பிரெஸ்டன் என்ற பத்திரிகையாளர் அந்தக் குறிப்பை ஆராய்ந்து, 1980-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஃபிரெடரிக் அகஸ்டஸ் என்ற பெயரும், ஹாரியட்டின் மகன் என்பதும், 1818 பிப்ரவரி என்பதும் அதில் இருந்தன. தேதியை ஆண்டனியும் எழுதவில்லை.